கேனான் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம்: போட்டோகிராபி வகுப்பின் படைப்புப் பணிகளுக்கு எவ்வளவு தூரம் வரும்?

டிஜிட்டல் போட்டோகிராபி வகுப்பில் சேர்ந்து, கேமராவுடன் வந்த 18-55 லென்ஸிலேயே (கிட் லென்ஸ்) அடிப்படைப் பாடங்களை முடித்த மாணவர்கள் அடுத்துக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "ஒரு 50 வாங்கலாமா?" கையில் கேனான் டிஎஸ்எல்ஆர் இருந்தால் அந்தக் கேள்வி இஎஃப் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸில் வந்து நிற்கும். வடிவ பொக்கே (பின்னணி விளக்குகளின் மங்கலை விரும்பிய வடிவில் விழவைப்பது), இருட்டுப் பின்னணி முகப்படம், ஒளிக்கோலம், அந்தரத்தில் மிதக்கும் ஆள், நீர்த்துளி, ஒட்டுப்படம் என்று வகுப்பில் தருகிற படைப்புப் பணிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் இந்த லென்ஸ் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் இந்த மதிப்புரை பார்க்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வாங்க வேண்டிய லென்ஸ்தான். ஆனால் ஆடாத டிரைபாட் ஒன்று இன்னும் கையில் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். மேலே சொன்ன பணிகளில் பாதி கேமரா அசையாமல் நின்றால் மட்டுமே நடக்கும், அங்கே எஃப்/1.8 என்ற பெரிய திறப்பு (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது) எந்த உதவியும் செய்யாது. மீதிப் பணிகளில் இந்த லென்ஸ் தருவதை கிட் லென்ஸால் எந்த வித்தை செய்தும் தர முடியாது.

லென்ஸும் அதன் உடம்பும்

2015இல் வந்த லென்ஸ் இது. இதற்கு முன் 1990 முதல் விற்பனையில் இருந்தது எஃப்/1.8 II. உள்ளே இருக்கும் கண்ணாடி அமைப்பு பழைய லென்ஸினுடையதே: 5 தொகுதிகளில் 6 கண்ணாடிகள். 1896இல் ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் வடிவமைத்த பிளானார் லென்ஸின் வழிவந்த, இரட்டை காஸ் எனப்படும் கண்ணாடி அமைப்பு. பல தலைமுறைகளாகச் செதுக்கப்பட்ட வடிவம் என்பதால்தான் இவ்வளவு சின்ன, எளிய லென்ஸில் இவ்வளவு தரம் கிடைக்கிறது.

மாறியது வெளிப்புறம். லென்ஸைக் கேமராவில் மாட்டும் பிளாஸ்டிக் மவுண்ட் போய் உலோக மவுண்ட் வந்தது. அபெர்ச்சர் (ஒளி நுழையும் திறப்பு) இதழ்கள் 5லிருந்து 7 ஆயின, விளிம்பும் வளைவானது. மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம் 45 செ.மீ.யிலிருந்து 35 செ.மீ.க்கு இறங்கியது (சென்சாரிலிருந்து அளக்க வேண்டும், லென்ஸ் முகப்பிலிருந்து அல்ல). ஃபில்டர் விட்டம் 49 மி.மீ., எடை ஏறக்குறைய 160 கிராம். பூச்சும் மேம்பட்டிருக்கிறது, எதிர்வெளிச்சத்தில் படம் பழைய லென்ஸ் அளவுக்கு வெளிறுவதில்லை.

மாணவர்களுக்கு முதலில் புரிய வேண்டியது இதன் ஃபோகஸ் முறை. ஃபோகஸ் வளையம் கண்ணாடியோடு நேரடியாக இணைக்கப்படவில்லை. நீங்கள் திருப்புவது ஒரு சைகை மட்டுமே. அதைப் படித்து மோட்டார் கண்ணாடியை நகர்த்துகிறது. கேமரா அணைந்திருந்தால் வளையத்தை எவ்வளவு திருப்பினாலும் ஒன்றும் நடக்காது. தூர அளவுகோலும் கிடையாது. இருட்டில் "3 மீட்டரில் வை" என்று கண்ணால் பார்த்து வைக்க வழியில்லை. டார்ச் அடித்து ஃபோகஸ் செய்துதான் ஆக வேண்டும்.

இன்னொன்று, கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது உள்குழல் முன்னால் நீண்டு வரும். நீண்ட நிலையிலேயே கேமராவை அணைத்துப் பைக்குள் போட்டு, அந்தக் குழல் எதிலாவது இடித்தால் ஃபோகஸ் பொறிமுறைக்குச் சேதம் வரும். இந்த லென்ஸின் மிகப் பலவீனமான இடம் அதுதான். அணைப்பதற்கு முன் தொலைவில் உள்ள ஒன்றில் ஃபோகஸ் செய்து குழலை உள்ளே இழுத்துவிடுங்கள். அணைக்கும்போது லென்ஸ் தானாக உள்ளே போகும் அமைப்பு சில கேமராக்களின் மெனுவில் உண்டு. தனியாக விற்கப்படும் இஎஸ்-68 ஹூட் வெளிக்குழலில் பொருந்துவதால், நீளும் உள்குழலுக்கு அது நல்ல கவசம். வெயில் மறைப்பைவிட இந்தக் காரணத்துக்காகவே வாங்கலாம்.

எஃப்/1.8இல் என்ன நடக்கிறது

வகுப்பில் பலருடைய முதல் ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. லென்ஸ் வந்ததும் அபெர்ச்சரை முழுக்கத் திறந்து நண்பரின் முகத்தை எடுப்பார்கள். கேமராத் திரையில் அழகாக இருக்கும். கணினியில் பெரிதாக்கினால் மூக்கு கூர்மையாகவும் கண் மங்கலாகவும் இருக்கும். லென்ஸ் மீது பழி போடுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். ஏபிஎஸ்-சி சென்சாரில் (தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களில் இருக்கும் சிறிய சென்சார்), 1.5 மீட்டர் தூரத்தில், எஃப்/1.8இல் தெளிவாக விழும் ஆழம் மொத்தம் 6 செ.மீ. அளவுதான். 1 மீட்டருக்கு நெருங்கினால் அது சுமார் 2.5 செ.மீ.யாகச் சுருங்கும். முகம் கொஞ்சம் திரும்பினாலே ஒரு கண் அந்த எல்லைக்கு வெளியே போய்விடும்.

நடுப் புள்ளியில் கண்ணைப் பிடித்து, ஷட்டரைப் பாதி அழுத்தியபடியே கேமராவைத் திருப்பி ஃபிரேம் அமைக்கும் பழக்கம் கிட் லென்ஸில் பெரிதாகப் பாதிக்காது. இங்கே பாதிக்கும். 1 மீட்டரில் கேமராவை 10 பாகை திருப்பினால் ஃபோகஸ் தளம் கண்ணைவிட்டு ஏறத்தாழ 1.5 செ.மீ. பின்னால் நகர்ந்துவிடும். ஃபோகஸ் தளத்துக்கு முன்னால் இருக்கும் தெளிவே 1.3 செ.மீ.தான் என்பதால் படம் போய்விட்டது என்று பொருள். ஃபிரேமை முதலில் அமைத்து, கண்ணுக்கு மேல் வரும் ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். இன்னும் நல்லது லைவ் வியூவில், அதாவது பின்திரையில் பார்த்து, எடுப்பது. வியூஃபைண்டர் வழியாக ஃபோகஸ் செய்யும்போது கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையிலான சின்னப் பிசகு கூட எஃப்/1.8இல் தெரியும், தொடக்கநிலைக் கேமராக்களில் அதைத் திருத்தும் மெனு இருப்பதில்லை. லைவ் வியூவில் சென்சாரே ஃபோகஸை அளப்பதால் அந்தப் பிசகு வராது. மேலும், டிஎஸ்எல்ஆரின் சாதாரண வியூஃபைண்டர் திரை ஏறக்குறைய எஃப்/2.8 வரையிலான மங்கலைத்தான் காட்டும். நீங்கள் பார்த்ததைவிடப் படத்தில் மங்கல் கூடுதலாக இருப்பதற்கு அதுவே காரணம்.

படத்தின் தரத்தைப் பொறுத்தவரை, எஃப்/1.8இல் நடுப்பகுதியில் விவரம் இருக்கிறது. மாறுபாடுதான் குறைவு, மெல்லிய திரை போட்டதுபோல் தெரியும். எஃப்/2.8க்கு வந்ததும் அந்தத் திரை விலகும். எஃப்/4 முதல் எஃப்/8 வரை ஓரம் உட்படக் கூர்மை. முழுத் திறப்பில் தெரியும் இன்னொரு குறை நிற விளிம்பு: ஃபோகஸுக்கு முன்னால் இருக்கும் பளபளப்பான விளிம்புகளில் ஊதா, பின்னால் இருப்பவற்றில் பச்சை. வெள்ளி நகை, வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, நீர்ப்பரப்பின் மினுமினுப்பு ஆகிய மூன்றும் இதை உடனே காட்டிக்கொடுக்கும். லென்ஸ் திருத்தத்தைப் போட்டால் மட்டும் இது போகாது. ரா கோப்பைத் (கேமரா பதப்படுத்தாத மூலப்படம்) திறக்கும் மென்பொருளில் விளிம்பு நிறத்தை நீக்கும் தனிக் கருவியைப் பயன்படுத்த வேண்டும். டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம், இரண்டிலும் அந்த வசதி உண்டு.

நல்ல வெயிலில் எஃப்/1.8 கேட்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 100இல் கூட ஷட்டர் 1/8000 நொடி தேவைப்படும். 1/4000 வரை மட்டுமே போகும் கேமராவில் படம் ஒரு ஸ்டாப் (இரு மடங்கு வெளிச்சம்) வெளிறும். நிழலுக்குப் போங்கள், அல்லது வெளிச்சத்தைக் குறைக்கும் 49 மி.மீ. என்டி ஃபில்டர் ஒன்று வாங்குங்கள். ஓடும் சைக்கிளைக் கேமராவால் தொடர்ந்தபடி 1/30 நொடியில் எடுக்கும் பணிக்கும் அதே ஃபில்டர் உதவும். என்டி8 மூன்று ஸ்டாப் குறைப்பதால், முழு வெயிலில் எஃப்/22க்கும் அடங்காத வெளிச்சம் எஃப்/10, எஃப்/11 பக்கம் வந்துவிடும். எஃப்/16க்கு மேல் ஒளிச்சிதறலால் கூர்மை குறையும் என்பதால் அது நல்ல பேரம்.

வடிவ பொக்கே: இந்த லென்ஸுக்கென்றே வந்த பணி

பின்னணி விளக்குகளை இதயமாக, நட்சத்திரமாக, எழுத்தாக மாற்றும் பணி. கிட் லென்ஸில் இதைச் செய்து தோற்றவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்காது. லென்ஸின் திறப்பு அட்டையில் வெட்டும் வடிவத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், விஷயம் அவ்வளவுதான். 50ஐ 1.8ஆல் வகுத்தால் 27.8 மி.மீ. அதுதான் இந்த லென்ஸின் திறப்பு. 18-55ஐ 55இல் வைத்தாலும் எஃப்/5.6இல் திறப்பு 10 மி.மீ.க்குள்தான். அதற்குள் ஒரு நட்சத்திரத்தின் முனைகள் எங்கே தெரியும்?

வெட்டும் வடிவம் 15 முதல் 18 மி.மீ. அகலம் இருக்கட்டும். 22 மி.மீ.க்கு மேல் போனால் வடிவத்தின் மூலைகளை லென்ஸின் வட்டமே வெட்டிவிடும். 10 மி.மீ.க்குக் கீழே போனால் பின்னணி மங்கல் குறைந்து, விளக்குகள் சின்னப் புள்ளிகளாகச் சுருங்கும். கறுப்பு அட்டை, இரு பக்கமும் கறுப்பாக இருப்பது முக்கியம். வெள்ளை முதுகு உள்ளே ஒளியைத் தெறிக்கும். பழைய 49 மி.மீ. யூவி ஃபில்டரின் கண்ணாடி விட்டத்துக்கு அட்டையை வட்டமாக வெட்டி ஃபில்டருக்குள் பொருத்தினால் அட்டை கண்ணாடிக்கு அருகிலேயே நிற்கும். குழாய் மாதிரி செய்து லென்ஸுக்கு முன்னால் நீட்டி மாட்டினால், ஃபிரேமின் ஓரங்களில் வடிவங்கள் பாதி அறுந்து விழும்.

எழுத்து வெட்டுபவர்களுக்கு ஒரு விவரம். பின்னணி விளக்குகளில் வடிவம், கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் அட்டையைப் பார்க்கும் நிலையிலேயே நேராக விழும். அதாவது எழுத்து உங்கள் பக்கத்திலிருந்து சரியாகப் படிக்கும்படி அட்டையைப் போடுங்கள். எதிரில் நிற்பவருக்கு அது கண்ணாடிப் பிம்பமாகத் தெரிந்தால் சரி. ஃபோகஸுக்கு முன்னால் இருக்கும் விளக்குகளில் அதே எழுத்து தலைகீழாக விழும், ஆகவே விளக்குகளை ஆளுக்குப் பின்னால் மட்டுமே வையுங்கள். ட, ப, ய மாதிரி சுழி இல்லாத எழுத்துகள் எளிது. சுழி உள்ளவற்றில் நடுத்துண்டு விழுந்துவிடும். அதைத் தாங்க ஒரு மெல்லிய பாலம் விட்டு வெட்ட வேண்டும். கோட்டின் தடிமன் 2 மி.மீ.க்குக் குறைந்தால் எழுத்து தெளிவாக விழாது.

கேமரா அமைப்பு: அபெர்ச்சர் கட்டாயம் எஃப்/1.8. குறைத்தால் உள்ளே இருக்கும் இதழ்கள் வடிவத்தைத் தின்றுவிடும். மேனுவல் எக்ஸ்போஷர். 16 மி.மீ. இதயம் ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைக்கும், அதே அளவு நட்சத்திரம் மூன்று ஸ்டாப். திரையில் எஃப்/1.8 என்று காட்டினாலும் ஷட்டரையோ ஐஎஸ்ஓவையோ அதற்கேற்ப ஏற்றுங்கள். வியூஃபைண்டர் ஆட்டோஃபோகஸ் அட்டை போட்டதும் தடுமாறும். லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்யுங்கள்.

வடிவத்தின் அளவு ஆள் நிற்கும் தூரத்தைப் பொறுத்தது. 15 மி.மீ. வெட்டு, 70 செ.மீ.யில் ஃபோகஸ், விளக்குகள் வெகுதூரத்தில் என்றால், ஒவ்வொரு வடிவமும் ஃபிரேம் அகலத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. 35 செ.மீ.க்கு நெருங்கினால் ஏழில் ஒரு பங்கு. ஆகவே முகப்படத்தைவிட, கையில் பிடித்த கோப்பை, பூ, பொம்மை போன்ற சின்னப் பொருள்களோடுதான் இந்தப் பணி நன்றாக அமையும். முகம்தான் வேண்டுமென்றால் வெட்டை 18 மி.மீ.க்கு ஏற்றி, விளக்குச் சரத்தை 5 மீட்டருக்கு அப்பால் தொங்கவிடுங்கள். விளக்குகளுக்கு இடையே இடைவெளி போதாமல் எல்லா வடிவமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்புவதும் அடிக்கடி நடக்கும். சரத்தை விரித்துக் கட்டினால் சரியாகும்.

ஒட்டுப்படம்

முழு ஆளையும் சுற்றுப்புறத்தையும் அகலமாகக் காட்டி, அதே சமயம் பின்னணியை மங்கலாக்குவது சாதாரண லென்ஸ்களால் முடியாத காரியம். திருமணப் புகைப்படக் கலைஞர் ரையன் பிரெனைசரின் பெயரால் வழங்கும் முறை அதைச் சாதிக்கிறது: திறந்த அபெர்ச்சரில் ஆளைத் துண்டுதுண்டாக எடுத்துக் கணினியில் ஒட்டுவது. இந்தச் சின்ன லென்ஸ் தன் தகுதிக்கு மேல் நின்று காட்டும் இடம் இது. வகுப்பில் ஒரே ஒரு பணியை நீங்களே தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத் தேர்ந்தெடுங்கள்.

ஆள் 3 மீட்டரில். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் ஒரு ஃபிரேம் 0.9 மீட்டர் அகலம், 1.3 மீட்டர் உயரம். கிடையாகப் பிடித்தால் நேர்மாறு. கிடையாகப் பிடித்து, மூன்றில் ஒரு பங்கு மேற்படிய, மூன்று வரிசை மூன்று நெடுவரிசையாக 9 படம் எடுத்தால் 3 மீட்டர் அகலக் காட்சி கிடைக்கும். அது 22 மி.மீ. எஃப்/0.8 லென்ஸில் ஒரே படமாக எடுத்ததற்குச் சமம். ஒட்டும்போது ஓரங்கள் கோணலாக வருவதால் 12 முதல் 16 படம் எடுத்து வைத்து, பிறகு வெட்டிக்கொள்வது பாதுகாப்பு.

முகத்தில் ஃபோகஸ் செய்து உடனே லென்ஸின் பக்கவாட்டுச் சுவிட்சை எம்எஃப்-க்குத் (கையால் ஃபோகஸ்) தள்ளுங்கள். இனி வளையத்தில் விரல் படக்கூடாது. தொட்டால் மோட்டார் நகர்த்திவிடும். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் இரண்டும் மேனுவல். முதல் படங்கள் ஆளின் தலை, உடல், கை. அவர் மூச்சைப் பிடித்து நிற்பது சில நொடிகள்தான். சுற்றுப்புறத்தை அவர் அசைந்த பிறகும் எடுக்கலாம். நகர்ந்துகொண்டே எடுக்காதீர்கள், கேமரா இருக்கும் புள்ளியை அப்படியே வைத்துத் திருப்ப மட்டும் செய்யுங்கள். முன்புறத்தில் கைப்பிடிச் சுவர், கம்பி போன்ற நெருங்கிய பொருள் இருந்தால் ஒட்டு உடைந்து தெரியும்.

ஒட்டிய படத்தில் வானத்தில் கட்டம் கட்டமாக நிழல் தெரிகிறதா? எஃப்/1.8இல் ஒவ்வொரு ஃபிரேமின் ஓரமும் இருள்வதுதான் காரணம். ஒட்டுவதற்கு முன்பே எல்லாக் கோப்புகளுக்கும் லென்ஸ் திருத்தத்தைப் போடுங்கள், அல்லது எஃப்/2.2இல் எடுங்கள். கணினி தள்ளாடினால் படங்களைப் பாதி அளவுக்குக் குறைத்துவிட்டு ஒட்டுங்கள். அப்போதும் அச்சுக்கு மிஞ்சிய பிக்சல் இருக்கும். ஹுகின் இலவச மென்பொருள், இந்த வேலைக்குப் போதும்.

இருட்டுப் பின்னணி முகப்படம்

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லென்ஸ் இங்கே சிரமமே தருவதில்லை. ஏபிஎஸ்-சியில் இது 80 மி.மீ.க்கு இணையான பார்வைக்கோணம், முகத்துக்குப் பொருத்தமானது. விளக்கை முகத்திலிருந்து அரை மீட்டரில் வைத்து, கறுப்புத் துணியை முகத்துக்கு 2 மீட்டர் பின்னால் கட்டுங்கள். துணியில் விழும் வெளிச்சம் முகத்தில் விழுவதில் 25இல் ஒரு பங்குதான், நாலரை ஸ்டாப் இருள். துணி முழுக் கறுப்பாக விழாவிட்டால் ஐஎஸ்ஓவைக் குறைக்காதீர்கள், விளக்கை இன்னும் நெருக்குங்கள். எஃப்/2.8, ஷட்டர் 1/125க்குக் குறையாமல். இதில் அதிர்வுத் தடுப்பு கிடையாது, கிட் லென்ஸில் 1/20இல் எடுத்துப் பழகிய கை இங்கே ஏமாறும்.

எங்கே இடறுகிறது

மிதக்கும் ஆள் படத்தில் ஒரு ஸ்டூலில் படுத்த ஆளை எடுத்து, ஆளில்லா வெற்றுப் படத்தின் மேல் லேயராக வைத்து, மாஸ்க்கில் ஸ்டூலை மறைப்போம். 1.7 மீட்டர் ஆளுக்கு இரு பக்கமும் இடம் விட்டு 2.5 மீட்டர் காட்சி வேண்டுமென்றால், இந்த லென்ஸோடு நீங்கள் 5.6 மீட்டர் பின்னால் போக வேண்டும். விடுதி அறையிலும் வகுப்பறை மூலையிலும் அது நடக்காது. கிட் லென்ஸை 24 மி.மீ.யில் வைத்தால் 2.7 மீட்டர் போதும். அபெர்ச்சரும் எஃப்/8தான் வேண்டும். ஆக, இந்தப் பணிக்கு 50ஐ வெளியே எடுக்கவே வேண்டாம். படம் பொய்யாகத் தெரிவது பெரும்பாலும் லென்ஸால் அல்ல: ஸ்டூலில் அழுந்தித் தட்டையான சட்டை, தொங்காத தலைமுடி, மாஸ்க்கில் மறைக்க மறந்த ஸ்டூலின் நிழல். ஸ்டூலின் மேற்பரப்பு எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது. சட்டையின் விளிம்பை யாராவது இழுத்துப் பிடித்த இன்னொரு படமும் எடுத்து வைத்துக்கொண்டால் துணி தொங்குவதை அதிலிருந்து எடுத்து ஒட்டலாம்.

ஒளிக்கோலத்திலும் அதே இடப் பிரச்சினை. 5 மீட்டரில் ஃபிரேமின் அகலம் 2.2 மீட்டர். ஒரு வட்டம், ஒரு எழுத்து, ஒரு சிறகு போட இது போதும். ஒரு சொல் எழுத முடியாது. 18 மி.மீ.யில் அதே தூரத்தில் 6 மீட்டருக்கு மேல் கிடைக்கும். ஒரே ஆள் மட்டும் நிற்கும் கோலத்துக்கு 50 நன்றாகவே அமைகிறது. ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 30 நொடி. டார்ச்சை ஆளின் முகத்தில் அடித்து ஃபோகஸ் செய்து எம்எஃப்-க்கு மாற்றிவிடுங்கள். மாற்ற மறந்தால் ஷட்டரை அழுத்தும்போதெல்லாம் லென்ஸ் இருட்டில் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும், படம் விழாது. லென்ஸ் தானாக உள்ளே போகும் மெனு அமைப்பை இன்றைக்கு மட்டும் நிறுத்தி வையுங்கள். இல்லையென்றால் கேமராவை ஒருமுறை அணைத்துப் போட்டாலே ஃபோகஸ் போய்விடும். நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் நீக்கம் இயங்கினால் 30 நொடிப் படத்துக்குப் பின் கேமரா இன்னொரு 30 நொடி முடங்கும். நான்கு பேர் வரிசையில் நிற்கும் வகுப்பில் அதை அணைத்துவிடுங்கள். ஒளியால் எழுதுபவர் கேமராவைப் பார்த்து இயல்பாக எழுதினால் படத்தில் எழுத்து இடவலம் மாறி விழும். பிறகு கணினியில் திருப்பிக்கொள்வதே எளிது.

நீர்த்துளிக்கு லென்ஸ் மட்டும் போதாது. மிக நெருங்கினாலும் பெருக்கம் (பொருளின் அளவோடு ஒப்பிட்டால் சென்சாரில் விழும் பிம்பத்தின் அளவு) 0.21தான், ஃபிரேமின் அகலத்தில் 10.6 செ.மீ. காட்சி விழும், துளி எழுப்பும் 1 செ.மீ. கிரீடம் அதில் பத்தில் ஒரு பங்கு. 24 மெகாபிக்சல் படத்தை மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்கு வெட்டினால் 2000 பிக்சல் மிஞ்சும். திரைக்குப் போதும், கண்காட்சி அச்சுக்குப் போதாது. இங்கே எக்ஸ்டென்ஷன் டியூப் (இன்னும் நெருங்கி ஃபோகஸ் செய்ய, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் வெற்றுக் குழல்) தேவை. மின் இணைப்புள்ள டியூபாகப் பார்த்து வாங்குங்கள்; இணைப்பில்லாத மலிவு டியூபில் அபெர்ச்சரையும் மாற்ற முடியாது, ஃபோகஸ் வளையமும் வேலை செய்யாது.

12 மி.மீ. டியூபா, 25 மி.மீ.யா? துளிக்கு 12. பெருக்கம் 0.45 அளவுக்கு வரும், ஃபிரேம் 5 செ.மீ. அகலம், எஃப்/11இல் தெளிவு ஆழம் 3 மி.மீ. 25 மி.மீ. போட்டால் பெருக்கம் 0.7, ஆனால் அதே எஃப்/11இல் ஆழம் 1.5 மி.மீ.க்கும் குறைவு, துளி சற்றே தள்ளி விழுந்தாலும் படம் வீண். அது நாணயம், இலை நரம்பு போன்ற அசையாதவற்றுக்குச் சரி. துளி விழும் இடத்தில் பேனாவை நிறுத்தி அதன் முனையில் ஃபோகஸ் செய்து, எம்எஃப்-க்கு மாற்றி, பேனாவை எடுத்துவிடுங்கள். அசைவை உறைய வைப்பது ஃபிளாஷ், ஷட்டர் அல்ல. ஷட்டர் 1/200இல் இருக்க, ஃபிளாஷை மேனுவலில் 1/32க்கு இறக்குங்கள். சக்தி குறையக் குறைய அதன் மின்னல் நேரமும் குறையும். முழுச் சக்தியில் வைத்தால் துளி வால் பிடித்துத் தெரியும். ஃபிளாஷைத் தண்ணீர் மேல் நேராக அடிக்காமல் பின்னால் வைத்த வண்ண அட்டையில் அடியுங்கள். டியூபும் நெருக்கமும் சேர்ந்து ஒரு ஸ்டாப் வெளிச்சத்தைக் குடிக்கும். மேனுவல் ஃபிளாஷ் அதைத் தானாக ஈடுகட்டாது, ஐஎஸ்ஓவை 400க்கு ஏற்றுங்கள். லென்ஸ் முகப்பு தண்ணீருக்கு மிக அருகில் இருப்பதால் யூவி ஃபில்டர் இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம்.

தலைகீழ் வளையம் போட்டு லென்ஸைத் திருப்பி மாட்டும் முறையும் உண்டு, பெருக்கம் உயிரளவை நெருங்கும். இந்த லென்ஸுக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது. ஃபில்டர் மரை, மோட்டார் நகர்த்தும் அந்தப் பலவீனமான உள்குழலில் இருக்கிறது. திருப்பி மாட்டினால் லென்ஸின் முழு எடையும் அதன்மேல் தொங்கும்.

எதோடு ஒப்பிட்டு வாங்குவது

வகுப்புக்கு ஒரே ஒரு நிலைக்குவிய (ஜூம் இல்லாத) லென்ஸ்தான் என்றால், ஏபிஎஸ்-சி வைத்திருப்பவர்கள் இஎஃப்-எஸ் 24 மி.மீ. எஃப்/2.8 எஸ்டிஎம் பக்கமும் பார்க்க வேண்டும். அறைக்குள் அது வசதி, 16 செ.மீ. வரை நெருங்கும், பெருக்கம் 0.27. ஆனால் வடிவ பொக்கேயும் ஒட்டுப்படத்தின் மங்கலும் அதில் கிடைக்காது. 18-55 ஏற்கெனவே கையில் இருப்பதால் அகலக் கோணம் உங்களிடம் உண்டு. இல்லாதது பெரிய திறப்புதான். அதனால் 50க்கே எங்கள் ஓட்டு. கேமரா மிரர்லெஸ் ஆர் வரிசை என்றால் அடாப்டர் தேடாமல் 2020இல் அறிவிக்கப்பட்ட ஆர்எஃப் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் வாங்குங்கள். அது 30 செ.மீ. வரை நெருங்கும். அதன் ஃபில்டர் விட்டம் 43 மி.மீ., ஆகவே நண்பரின் 49 மி.மீ. ஃபில்டர்கள் பொருந்தாது. வீடியோவும் எடுப்பவர்களுக்கு: இஎஃப் லென்ஸின் மோட்டார் ஓசை கேமராவின் மைக்கில் பதியும், தனி மைக் வேண்டும்.

பழைய II மலிவாகக் கிடைத்தால்? முகப்படத்துக்குப் போதும். ஆனால் அபெர்ச்சரைக் கொஞ்சம் குறைத்ததும் பின்னணி விளக்குகள் ஐங்கோணமாகிவிடும், பிளாஸ்டிக் மவுண்டும் நெருங்க முடியாத 45 செ.மீ.யும் படைப்புப் பணிகளில் தடை. இரவுக் காட்சியில் எஃப்/16இல் தெருவிளக்கைச் சுற்றி வரும் கதிர்களிலும் வேறுபாடு தெரியும்: 7 இதழ் 14 கதிர் தரும், 5 இதழ் 10 கதிர்.

எஸ்டிஎம்மையே பயன்படுத்தியதாக வாங்குகிறீர்கள் என்றால் உங்கள் கேமராவைக் கையோடு கொண்டு போங்கள். மிகக் கிட்டத்திலிருந்து தொலைவு வரை ஆட்டோஃபோகஸை நாலைந்து முறை ஓடவிட்டு, குழல் வழியில் திக்குகிறதா, கரகரக்கிறதா என்று கேளுங்கள். எம்எஃப்-க்கு மாற்றி வளையத்தைத் திருப்பும்போது குழல் தொடர்ச்சியாக நகர வேண்டும். நீண்ட நிலையில் குழலை விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். சிறு ஆட்டம் இயல்பு, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் இடி வாங்கிய லென்ஸ். ஃபில்டர் மரையின் விளிம்பு நசுங்கியிருப்பதும் அதே கதையைத்தான் சொல்லும். பிறகு ஒரு செங்கல் சுவரையோ கட்டம் போட்ட தரையையோ நேராகப் பார்த்து எஃப்/1.8இல் லைவ் வியூவில் எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் ஒரே அளவு மென்மையாக இருந்தால் வாங்கலாம். ஒரு மூலை மட்டும் மற்றவற்றைவிட மங்கலாக இருந்தால், சுவருக்கு நேராக நின்றீர்களா என்று சரிபார்த்து இன்னொரு முறை எடுங்கள். மறுபடியும் அதே மூலைதான் என்றால் கண்ணாடி நகர்ந்திருக்கிறது, எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.